தக்கலை பஸ்ஸில் எட்டு வருஷமாக 'டெக்னிக்'

இங்கிலாந்து ராக் குழுவான நியூ ஆர்டரின் 'டெக்னிக்' ஆல்பத்தை எட்டு வருஷமாகக் கேட்கிறேன். அதில் பாதிக்கு மேல் நாகர்கோவில் வடசேரியிலிருந்து தக்கலை போகும் காலை பஸ்ஸில்தான். ஆல்பம் கிட்டத்தட்ட 40 நிமிஷம். பஸ்ஸும் நல்ல நாளில் அவ்வளவுதான் எடுக்கும், பார்வதிபுரத்தில் மாட்டிக்கொண்டால் முதல் பாட்டை இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வருஷம் எனக்கு இது ஒரு ஆல்பமாகவே படவில்லை. இரண்டு கேசட்டை வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தது. 'ஃபைன் டைம்' முழுக்க மெஷின் தாளம், சுத்தமான டான்ஸ் பாட்டு, பாடகரும் கிட்டார்காரருமான பெர்னார்ட் சம்னரின் குரலை வேறு கனமாக இழுத்து வைத்திருப்பார்கள். அது முடிந்த கையோடு 'ஆல் தி வே', கிட்டார் பாட்டு, வெயில் அடித்த மாதிரி. இப்படியே மாறி மாறிப் போகும். இதற்குக் காரணம் உண்டு. 1988 கோடையில் ரெக்கார்டிங்குக்கென்று ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போனவர்கள் ஸ்டுடியோவைவிட நைட் கிளப்பில்தான் அதிகம் கிடந்தார்கள், பிறகு இங்கிலாந்து திரும்பி பாத் நகரத்துக்குப் பக்கத்தில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து முடித்தார்கள். அந்தக் கிளப் சத்தம் பாதிப் பாட்டுகளில் ஒட்டிக்கொண்டது, மீதிப் பாட்டுகளில் பழைய மான்செஸ்டர் ராக் குழு அப்படியே இருக்கிறது. 1989 ஜனவரியில் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

சரி, ஒட்டுகிறதா?

எனக்கு ஒட்ட வைத்தது, குழுவில் அப்போது பேஸ், அதாவது அடி ஸ்வர கிட்டார், வாசித்த பீட்டர் ஹூக். எங்கள் பங்குக் கோயில் கொயரில் மூன்று வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான், கொஞ்சம் மேலே ஏறி வாசித்தாலே மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். "லேய் மக்கா, பேஸுன்னா அடியில கெடக்கணும், மேல ஏறப்பிடாது." ஹூக் ஏறத்தான் செய்கிறார். இதே ஆட்கள் முன்பு ஜாய் டிவிஷன் என்ற குழுவாக இருந்த காலத்தில் அவருடைய ஸ்பீக்கர் மட்டமானது, சம்னரின் கிட்டார் சத்தத்தில் அடிக்கம்பி காதில் விழாது, அதனால் மேல் ஸ்வரங்களுக்குப் போனார், அது அப்போதைய பாடகர் இயன் கர்ட்டிஸுக்கும் பிடித்துப்போனது. 1980-ல் கர்ட்டிஸ் இறந்து, மீதிப் பேர் நியூ ஆர்டர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டான்ஸ் பாட்டோ கிட்டார் பாட்டோ, நடுவில் அந்த பேஸ் ஒரு பாடகர் மாதிரி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பஸ் இன்ஜின் இரைச்சல் அடிச் சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும், ஆனால் இது மேலே ஓடுவதால் தப்பிவிடும். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மலிவு இயர்போனிலேயே எனக்கு இந்த ஆல்பம் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சம்னரின் வரிகள். தாளம் எவ்வளவு குதித்தாலும் ஆள் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறார். பிரிவு, குற்றச்சாட்டு, மறுபடி பிரிவு. 'ரவுண்ட் அண்ட் ரவுண்ட்' ஆட்டம் போட வைக்கும், ஆனால் பாடுகிறவர் சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

மூன்றாவது வருஷம் கொஞ்சம் நல்ல ஹெட்போன் வாங்கினேன். அப்போதுதான் 'ஃபைன் டைம்' பாட்டின் மதிப்பு தெரிந்தது, அந்த அடித் தாளம் பஸ்ஸில் எனக்கு வந்து சேர்ந்ததே இல்லை. அதன் கடைசியில் செம்மறியாடு கத்தும். அதுவரை ரோட்டோரத்தில் யாரோ மேய்க்கிறார்கள் என்று நினைத்து ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 'மிஸ்டர் டிஸ்கோ' எட்டு வருஷமாகியும் எனக்கு மனதில் நிற்கவில்லை, பஸ் வில்லுக்குறி வந்தால் அந்தப் பாட்டைத் தாண்டிவிடுவேன். 'ரன்' அருமையான பாட்டு. ஆனால் அது சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வந்தபோது அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் பாட்டு ஒன்றைப் போல இருக்கிறது என்று அவர் தரப்பில் வழக்குப் போட்டு, கடைசியில் சமரசமாக முடித்தார்கள். அதைப் படித்த பிறகு கிட்டார் தனியாக வரும் இடத்தில் எனக்கும் டென்வர்தான் கேட்கிறார், படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு விஷயம், தயவுசெய்து பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போடாதீர்கள். ஒரு ஆப்பின் இலவச வெர்ஷனில் ஒரு மாசம் அப்படித்தான் கேட்டேன், நடுவில் விளம்பரம் வேறு, ஆல்பம் மறுபடி இரண்டு கேசட்டாக உடைந்துபோனது. 'வானிஷிங் பாயிண்ட்' முழு சிந்தசைசர் வேகத்தில் ஓடி முடிந்த பிறகுதான் 'ட்ரீம் அட்டாக்' வர வேண்டும். கிட்டாரும் சிந்தும் ஒன்றை ஒன்று தள்ளாமல் ஒரே பாட்டில் உட்கார்ந்திருப்பது அங்கேதான், அதைக் கடைசியில் வைத்தவர் யாரோ அவருக்குக் கும்பிடு. புலியூர்க்குறிச்சி தாண்டும்போது அது தொடங்கும். பாடுவதை நிறுத்திவிட்டு வாத்தியம் மட்டும் போகும் இடத்தில் பெரும்பாலும் தக்கலை வந்துவிடும், கண்டக்டர் விசில் அடிப்பார். இறங்கி, பாட்டு முடிகிற வரைக்கும் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டு ஆபீசுக்கு நடப்பேன்.