நோஷனா, அப்சிடியனா: இலக்குக்கு எது, குறிப்புக்கு எது?

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்திகள், கூகுள் கீப்பில் கலர் கலராகக் கிடக்கும் சீட்டுகள், டவுன்லோடு ஃபோல்டரில் பெயர் புரியாத பிடிஎஃப்கள், ஜனவரியில் எழுதி மார்ச்சில் மறந்த இலக்குகள். இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர நினைப்பவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது நோஷன், அப்சிடியன் என்ற இரண்டு குறிப்பெடுக்கும் செயலிகளின் முன்னால்தான். தனி ஆள் இரண்டையும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைக்குப் பிறந்தவை. உங்களிடம் இருப்பது கெடு, தொகை, நிலை என்று கட்டம் கட்டமாகப் பிரியும் தகவலா, பத்தி பத்தியாக ஓடும் எழுத்தா என்பதை முதலில் பாருங்கள். முன்னது அதிகமென்றால் நோஷன், பின்னது அதிகமென்றால் அப்சிடியன்.

மொத்தமே நூறு குறிப்புக்குள் அடங்கிவிடும் என்பவருக்கு இரண்டுமே தேவையில்லை, கீப் போதும். அதில் வைக்கக்கூடிய லேபிள்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொடும்போது மாறினால் போதும்.

எழுத்து எங்கே இருக்கிறது

நோஷனில் நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. எந்தக் கருவியில் லாகின் செய்தாலும் அதே பக்கம் வரும், ஒத்திசைவு பற்றிக் கவலையே இல்லை. நெட் இல்லாத இடத்தில்தான் சிக்கல். 2025இல் ஆஃப்லைன் வசதி வந்திருக்கிறது. ஆனால் இலவசத் திட்டத்தில் வேண்டிய பக்கங்களை நீங்களே தேர்ந்து ஆஃப்லைனுக்குக் குறித்து வைக்க வேண்டும். பயணம் கிளம்பும் முன் இதைச் செய்யாவிட்டால் வழியில் பக்கம் திறக்காது.

அப்சிடியனில் எல்லாம் உங்கள் கருவியிலேயே ஒரு சாதாரண ஃபோல்டர். அதற்கு வால்ட் என்று பெயர். ஒவ்வொரு குறிப்பும் ஒரு மார்க்டவுன் கோப்பு, அதாவது வெறும் எழுத்து. அப்சிடியன் நாளைக்கு இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இருபது வருடம் காக்க வேண்டிய குறிப்புகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். அதற்கான விலை, ஒத்திசைவு உங்கள் பொறுப்பு. பலர் வால்ட்டை கூகுள் டிரைவில் வைத்துவிட்டு ஆண்ட்ராய்டு போனில் திறக்கப் பார்க்கிறார்கள், திறக்காது. போனில் உள்ள டிரைவ் செயலி ஃபோல்டரைக் கருவியில் இறக்கி வைப்பதில்லை. அப்சிடியனுக்கோ உண்மையான ஃபோல்டர் வேண்டும். கட்டணம் கட்டி அப்சிடியனின் சொந்த ஒத்திசைவுச் சேவையான சிங்க் வாங்கலாம், அல்லது சிங்திங் போன்ற கருவியை வைத்துக் கணினிக்கும் போனுக்கும் நேரடியாக ஒத்திசைக்கலாம். இரண்டாவது வழியில் ஒரே குறிப்பை இரண்டு இடத்திலும் திருத்தினால் மோதல் கோப்பு ஒன்று தனியாக உருவாகும். போனில் எழுதியது கணினிக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கணினியில் கை வைக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் தொல்லைகள்

பெரும்பாலான ஒப்பீடுகள் தொடாத இடம் இது. தமிழில் குறிப்பெடுப்பவருக்குத் தீர்ப்பையே மாற்றக்கூடியது.

முதலாவது, கோப்பின் பெயர். அப்சிடியனில் குறிப்பின் தலைப்புதான் கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் பொதுவாக ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்தைச் சேமிக்கும் பொதுமுறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘கு’ என்பது க, உகரக் குறி என இரண்டு குறிகள், ஆக 6 பைட். ‘குறிப்புகள்’ என்ற ஒரு சொல்லே 33 பைட் பிடிக்கிறது. இந்த நீளத்தில் எட்டுச் சொல் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, எழுத்துக் குறிகளையே எண்ணுகிறது. அதனால் கணினியில் ஒழுங்காகச் சேமித்த குறிப்பு போனுக்கு மட்டும் வராமல் நிற்கும், காரணமும் தெரியாது. தலைப்பை ஐந்து சொல்லுக்குள் நிறுத்துங்கள். தேதியை 12/06/2025 என்று எழுதினால் சாய்கோடு பெயரில் ஏறாது. 2025-06-12 என்று எழுதினால் ஏறும், வரிசையும் தானாகச் சரியாக அமையும்.

இரண்டாவது, தேடல். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’ எதுவும் அகப்படாது, எழுத்து மாறிவிடுகிறது. ‘மர’ என்று தேடினால் மரபும் மரணமும் சேர்ந்து வரும். அப்சிடியனில் தேடல் பெட்டிக்குள் இரு சாய்கோடுகளுக்கு நடுவே /மர(ம்|த்த)/ என்று கொடுத்தால் இரண்டு வடிவமும் வரும், மரபும் மரணமும் வராது. இது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்தின் வடிவத்தைச் சொல்லித் தேடும் வசதி. நோஷனின் தேடல் பெட்டியில் இது கிடையாது. ‘வீடு’, ‘வீட்டில்’ இரண்டுக்கும் அப்சிடியனில் ‘வீட’ என்று அடித்தாலே போதும், குறிகளாகப் பார்த்தால் இரண்டும் அப்படித்தான் தொடங்குகின்றன.

மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்து. ‘கௌரவம்’ என்பதை ஔகாரக் குறியோடு தட்டுபவர் உண்டு, ‘கெ’ போட்டு ‘ள’ சேர்த்துத் தட்டுபவரும் உண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பழைய பாமினி, டிஸ்கி எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தச் செயலியில் போட்டாலும் அவை தேடலுக்குச் செத்தவைதான்.

இலக்கு என்று வந்தால்

இங்கே நோஷன் தெளிவாக முந்துகிறது. இரண்டு டேட்டாபேஸ், அதாவது அட்டவணை, போதும். ‘இலக்குகள்’ என்பதில் பெயர், முடிக்கும் நாள், நிலை ஆகிய மூன்றே செங்குத்துப் பத்திகள். ‘செயல்கள்’ என்பதில் பெயர், நாள், ‘முடிந்தது’ என்று ஒரு செக்பாக்ஸ். செயல்களில் ரிலேஷன் என்ற பத்தியைச் சேர்த்து இலக்குகளோடு இணையுங்கள். அப்போது மறுபக்கத்திலும் காட்டு என்று ஒரு சுவிட்ச் வரும், அதைப் போட மறந்தால் இலக்குகள் பக்கம் எதுவும் தெரியாது. பிறகு இலக்குகளில், இணைத்த அட்டவணையின் தகவலைத் திரட்டிக் காட்டும் ரோல்அப் பத்தி ஒன்று சேர்த்து, ரிலேஷனுக்குச் செயல்கள், பத்திக்கு ‘முடிந்தது’, கணக்குக்குப் பெர்சென்ட் செக்டு என்று தேர்ந்தால் ஒவ்வொரு இலக்குக்கும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும்.

இந்தச் சதவீதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்துச் செயலில் ஐந்து முடித்து 50 சதவீதத்தில் இருப்பவர், யோசித்து இன்னும் பத்தைச் சேர்த்தால் 25க்கு இறங்கிவிடுவார். வேலை குறையவில்லை, திட்டம் தெளிவானதுதான். எண்ணில் அளக்கக்கூடிய இலக்குக்கு இந்த முறையே வேண்டாம். 12 வாரத்தில் 60,000 ரூபாய் சேமிப்பது என்றால் வாரம் 5,000. ‘சேர்ந்தது’, ‘இலக்கு’ என்று இரண்டு எண் பத்திகள் வைத்து ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் ஃபார்முலா போதும்.

அப்சிடியனில் இதைச் செய்ய முடியாதா என்றால் முடியும். குறிப்பின் தலையில் நிலை, நாள் போன்ற விவரங்களைப் பிராப்பர்ட்டியாக எழுதி, 2025இல் வந்த பேசஸ் வசதியால் அவற்றை அட்டவணையாக்கலாம். கையால் எழுதும்போது இரண்டு இடத்தில் உடையும். மூன்று கோடுகளால் (---) தொடங்கும் அந்தப் பகுதி கோப்பின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும், மேலே ஒரு வெற்று வரி இருந்தாலும் வேலை செய்யாது. ‘நிலை:’ என்பதற்குப் பிறகு இடைவெளி கட்டாயம். தனியாக, இலக்கு மூன்றுக்குள் வைத்திருப்பவருக்கு இது போதும். வீட்டில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் நோஷன்தான்.

காப்பும் வெளியேறும் வழியும்

நோஷனின் இலவசத் திட்டத்தில் பக்கத்தின் பழைய நிலைக்கு 7 நாள் வரைதான் திரும்ப முடியும், ஒரு கோப்பு 5 எம்பியைத் தாண்டக் கூடாது. ஸ்கேன் செய்த பத்திரம் எளிதில் அதைத் தாண்டும். அதை டிரைவில் வைத்துவிட்டு இணைப்பை மட்டும் நோஷனில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லையும் ஆதார் எண்ணையும் இரண்டு செயலியிலுமே எழுத வேண்டாம். அப்சிடியனின் ஃபைல் ரெக்கவரியும் முதலில் இருக்கும் அமைப்பில் 7 நாள்தான், நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். வால்ட் முழுவதையும் மாதம் ஒருமுறை ஜிப் செய்து வெளி டிஸ்கில் போட சில நிமிடமே ஆகும்.

நோஷனை விட்டு வெளியேறுவது அவ்வளவு சுலபமில்லை. எக்ஸ்போர்ட் செய்தால் பக்கங்கள் மார்க்டவுனாகவும் டேட்டாபேஸ்கள் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்புகளாகவும் வரும். நீங்கள் அமைத்த போர்டு, காலண்டர் காட்சிகள் வராது, ஃபார்முலாவின் விடை வரும், ஃபார்முலா வராது. ஒவ்வொரு கோப்புப் பெயரின் வாலிலும் 32 எழுத்து அடையாளம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக்குள் பக்கம் என்று ஐந்தடுக்கு போனவர் அந்த ஜிப்பை விண்டோஸில் விரித்தால், முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டியதென்று பிழை காட்டும். சி டிரைவின் வேரிலேயே ஒற்றை எழுத்துப் பெயரில் ஃபோல்டர் போட்டு அதற்குள் விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுக்கை மூன்றோடு நிறுத்தியவருக்கு இந்த வேலை பெரும்பாலும் வராது.

இரண்டையும் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் எல்லையை முன்பே வரைந்துவிட வேண்டும்: இலக்கும் செயலும் நோஷனில், எழுத்தெல்லாம் அப்சிடியனில், ஒரே பொருள் இரண்டிலும் கூடாது. எதை எடுத்தாலும் முதல் வாரத்தில் பத்தே குறிப்புகளைப் போடுங்கள். நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்று, படம் ஒன்று, அட்டவணை ஒன்று அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். நோஷன் என்றால் எக்ஸ்போர்ட் செய்து ஜிப்பை விரித்துப் பாருங்கள். அப்சிடியன் என்றால் வால்ட்டைப் போனில் திறந்து பத்தும் வந்ததா என்று எண்ணுங்கள். பத்தும் வந்த பிறகு பழைய குறிப்புகளை ஏற்றத் தொடங்கலாம்.