தங்கப் படலத்தின் நிறத்தை நகர்த்தும் அயனிக் கற்றை: ஆறு ஆண்டு அனுபவம்

என் அண்ணன் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறார். அவர் ஒட்டும் தங்க ரேக்கு மஞ்சளாக மின்னும். நான் ஆய்வகத்தில் செய்யும் தங்கமோ இளஞ்சிவப்பு. கண்ணாடி போன்ற சிலிக்காவுக்குள் சில நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் சிதறிக் கிடக்கும் தங்கத் துகள்கள் 520, 530 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிக அதிகமாக விழுங்கும் அந்த இடத்தை, அதாவது உறிஞ்சல் முகட்டை, வேண்டிய இடத்துக்கு நகர்த்தத்தான் ஆறு ஆண்டுகளாக அயனிக் கற்றையை (மின்னூட்டம் பெற்ற அணுக்களின் வேகப் பாய்ச்சலை) பயன்படுத்துகிறேன்.

உலையில் சுட்டால் துகள் பெரிதாகும்; ஆனால் உருண்டையாகவே இருக்கும். கற்றை அதற்குத் திசை கொடுக்கிறது. தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பெல்லட்ரான் என்ற அயனி முடுக்கியில் 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டையொட்டிய ஆற்றலில் வெள்ளி அயனிகளைப் பாய்ச்சினால், ஒவ்வோர் அயனியும் தன் பாதையில் சில நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் சிலிக்காவை உருக்கிவிட்டுப் போகிறது. கண்ணிமைப்பதற்குள் அது உறைந்தும் விடுகிறது. இப்படி அயனிகள் விழ விழத் தங்க உருண்டை கற்றையின் திசையில் நீள்கிறது, முகடும் இரண்டாகப் பிரிகிறது.

முதல் தடவை இது எனக்குத் தெரியவே இல்லை. எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் படலத்தை நேராக வைத்து அளந்தேன். முகடு சற்றே இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் ரயில் பயணம் வீணாயிற்று என்று மனம் உடைந்துபோனேன். பிறகு முனைவாக்கிய (ஒரே திசையில் அதிரும்) ஒளியில் படலத்தை 45 டிகிரி சாய்த்து வைத்ததும், சிவப்புப் பக்கத்தில் தோள்பட்டைபோல ஒரு மேடு எழுந்தது. நீண்ட துகளின் நீளவாட்டு முகடு அது. அன்று ஆய்வகத்தை விட்டு வர மனமே வரவில்லை.

எல்லாத் துகளும் நீளாது. மிகச் சிறியவை கரைந்துபோகின்றன, மிகப் பெரியவை அசைவதில்லை. அதனால் உலையை நான் கைவிடவில்லை. அளவைச் சரிசெய்ய உலை, வடிவத்துக்குக் கற்றை.

கற்றையில் வைக்கும் நேரக் கணக்கைக் கையாலும் போட்டுப் பாருங்கள். ஒரு பார்ட்டிக்கிள் நானோஆம்பியர் (நொடிக்குச் சுமார் 625 கோடி அயனிகள்) மின்னோட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 லட்சம் கோடி அயனிகள் சேர ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். அதைப்போல் பத்து மடங்கு வேண்டுமானால் நாலரை மணி நேரம். அயனிகள் கூடிவிட்டால் குறைக்க வழியில்லை.

வெள்ளி கலந்த பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமர் படலம்தான் என்னை அதிகம் படுத்தியது. ஐப்பசி அடைமழையில் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் ஓரம் சுருண்டு, நடுவே பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. அந்தப் பாலிமர் ஈரத்தை அப்படி இழுக்கும். இப்போது செய்த கையோடு டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) வைக்கிறேன், பயணத்திலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே வரும். கற்றை பட்டால் பாலிமரும் சங்கிலி அறுந்து, கரி கூடிப் பழுப்பேறும். நிற மாற்றத்தில் வெள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, உலோகம் கலக்காத வெறும் படலம் ஒன்றையும் அதே அளவுக்குக் கற்றையில் வைக்கிறேன். அது இல்லாமல் எடுத்த என் முதல் ஆண்டு அளவீடுகள் எதையும் இன்று நான் பயன்படுத்துவதில்லை.