நிமோகாக்கஸ் ஊசி: தாத்தாவுக்கு 13 வகையா, 23 வகையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட், எஸ்டேட் லயத்து வீட்டில் பேத்திக்குப் பிரச்சினை இல்லை. 2020-க்குப் பின் பிறந்தவள், நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியை அரசு கிளினிக்கில் இலவசமாகவே போட்டாயிற்று. தாத்தாவுக்குத்தான் யோசனை. 72 வயது, சர்க்கரை, பால்மரம் வெட்டிய காலத்துச் சுருட்டு இன்னும் விடவில்லை. இருக்கும் இரண்டு ஊசிகளில் எதைப் போடுவது?

எத்தனை வகைக் கிருமியைத் தடுக்கும்: ஒன்று 13, மற்றது 23. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வேலை செய்யும் விதம்: 13-இல் கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு இணைத்திருப்பதால் உடம்பு அதை நினைவில் வைக்கும். நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 85,000 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 46% குறைந்தது. அதே வகைகளால் இரத்தத்தில் பரவும் தீவிர நோய் 75% குறைந்தது. 23-இல் வெறும் உறைதான். இரத்தத்தில் பரவுவதைத் தடுக்கும், ஆனால் சில வருடங்களில் பலம் இறங்கும்.

விலை: 23 பொதுவாக மலிவு.

என்னைக் கேட்டால், தாத்தாவுக்கு முதலில் 13, ஒரு வருடம் கழித்து 23. கையில் காசு குறைவென்றால் இப்போதைக்கு 23 மட்டும். சும்மா இருப்பதற்கு அது மேல். 20 வகை ஊசி கிடைத்தால் ஒரே குத்தோடு சரி. ஊசிக்குப் பயந்தவர், அதைத்தான் கேட்பார்.