செடித் தொட்டிக்குள் பண்டிகைப் பொம்மைகள்: எது நின்றது, எது உதிர்ந்தது

எங்கள் மந்தைவெளி ஃபிளாட்டில் ஹால் ஜன்னலை ஒட்டி ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட், சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட், ஒரு அரிகா பனை என்று சின்னத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களாக அந்தத் தொட்டிகளுக்குள்ளேயே பண்டிகைக்குப் பண்டிகை பொம்மை வைத்து வருகிறேன். புரட்டாசியில் கொலு பொம்மை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில், தை பிறந்தால் காளை மாடு. பச்சை இலைக்கு நடுவே பொம்மை உட்கார்ந்ததும் வீட்டுக்கே ஒரு பண்டிகைக் களை வந்துவிடும். ஆனால் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் பொம்மை எதனால் செய்தது என்று பார்க்க வேண்டும். தொட்டி மண் எப்போதும் ஈரம். கொலு முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் வரை சென்னைக் காற்றிலேயே ஈரம்தான்.

முதலில் அடி வாங்கியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிமுனைப் பக்கம் வாங்கிய குடில் செட் அது, விலை குறைவு, முகமெல்லாம் திருத்தமாக இருந்தது. மணி பிளான்ட் தொட்டியில் வைத்து, புத்தாண்டு தாண்டி எடுத்தபோது இடையர் பொம்மையின் பாதம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அங்கியின் நீலச் சாயம் மண்ணில் வளையமாக இறங்கியிருந்தது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே ஊறியபின் மேலே பூசிய பெயின்ட் தோல் உரிவது போல உரியும். அலமாரியில் வைக்க நல்ல பொம்மை, தொட்டிக்கு வேண்டாம். பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மையும் கொண்டபள்ளி மரப் பொம்மையும் இன்னும் மென்மையானவை. அவற்றைப் படியிலிருந்து இறக்கவே மாட்டேன்.

நின்று காட்டியது சுடுமண். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் கடை விரிப்பவர்களிடம் வர்ணம் பூசாத சுடுமண் பொம்மை கேட்டால் எடுத்துத் தருவார்கள். வர்ணம் பூசியதைத் தொட்டியில் வைக்கப்போகிறேன் என்றதும் ஒரு பாட்டி, “தண்ணி பட்டா கலர் போயிடும்மா, வெறும் மண்ணா எடுத்துக்கோ” என்று மாற்றிக் கொடுத்தார். அந்த யானை இன்றும் கல் மாதிரி இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு மட்டும் அதன் காலைச் சுற்றி வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாறு தொட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

வர்ணப் பொம்மையைத்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கு ஒன்றைக் கவிழ்த்து மண்ணில் லேசாக அழுத்தி, அதன்மேல் பொம்மையை வைக்கிறேன். ஈர மண் பொம்மையின் அடியை நேராகத் தொடாது. அந்த நாட்களில் தண்ணீரையும் மேலிருந்து ஊற்றுவதில்லை. அடித்தட்டில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் வேர் வேண்டியதைக் குடித்துக்கொள்ளும், மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். ஸ்னேக் பிளான்ட்டுக்கு அதுவும் அடிக்கடி தேவையில்லை. அதனால் வர்ணப் பொம்மைக்கு அந்தத் தொட்டிதான் எனக்குப் பிடித்த இடம்.

ரெசின் என்ற பிளாஸ்டிக் வகைப் பொம்மைகள் தண்ணீருக்கு அசைவதில்லை, ஆனால் மேற்கு ஜன்னல் வெயிலில் நிறம் வெளுக்கிறது. கம்பி சொருகிய பொம்மை துருப்பிடித்து மண்ணைக் கறையாக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு ஈர்க்குச்சி சொருகினால் போதும். பனி மாதிரி பஞ்சு பரப்புவதை நான் விட்டுவிட்டேன், ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறுகிறது. எல்.இ.டி. சீரியல் லைட் சூடேறாது, இலைக்குப் பாதகமில்லை.

கொலுப் பார்க்குக்குப் புல் வேண்டுமா? அகலமான தட்டில் கேழ்வரகை மூன்று நான்கு நாள் முன்னால் விதைத்தால் நவராத்திரி தொடங்கும்போது மெத்தையாக நிற்கும். ரொம்ப முன்னால் விதைத்தால் ஹால் வெளிச்சத்தில் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். அந்தத் தட்டைத் தொட்டிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள், தனியாகப் பார்க் கட்டவே வேண்டாம்.

குழந்தைகள் வரும் வீட்டில் ஒரு விஷயத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை. பொம்மையைப் பார்த்தால் கை போகும், அடுத்து இலை வாய்க்குப் போகும். மணி பிளான்ட், சிங்கோனியம், டிஃபென்பாக்கியா மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். ஆகவே குழந்தைக் கைக்கு எட்டும் பொம்மைகளெல்லாம் ஸ்பைடர் பிளான்ட்டிலும் அரிகாவிலும் மட்டும். அவை நஞ்சில்லாதவை.

பண்டிகை முடிந்ததும் பொம்மையை அப்படியே பெட்டியில் போடக் கூடாது. பொம்மையின் முதுகுப் பக்க மடிப்புகளில் மாவுப்பூச்சி வெள்ளையாக ஒட்டியிருக்கும், அடுத்த செடிக்கு அங்கிருந்துதான் கிளம்பும். துடைத்து, மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு அரிகாத் தொட்டியில் வைக்க வில்லியனூர் சுடுமண் காளை ஜோடி வாங்கியிருக்கிறேன், வர்ணம் பூசாதது.