சிதம்பரம் என்றால் எந்தச் சிதம்பரம்? காரைக்குடியில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவது பற்றி

காரைக்குடிப் பாத்திரக்கடைகளில் பெயர் வெட்டும் வேலையைத் தாராளமாக நம்பிக் கொடுக்கலாம். மெஷின் எழுத்து சீராக விழுகிறது. குறை வருவது விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் போடும் முன்னெழுத்துகளில்தான். தாத்தா பெயர் பேரனுக்கு வரும் ஊர் இது. வெறும் 'சிதம்பரம்' என்று வெட்டினால், பங்காளிகள் கூடும் விசேஷத்தில் அண்டா யாருடையது என்றே தெரியாது. முன்னெழுத்துதான் ஆளைக் காட்டும்.

1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அதில் கடைசி 'மு.' விட்டுப்போனால் அது அவருடைய தந்தை முத்தையா செட்டியாரின் விலாசம் ஆகிவிடும். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர் மு.அ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். நிதியமைச்சராக இருந்தவர் ப. சிதம்பரம்; அந்த 'ப.' பழனியப்பன். பெயர் ஒன்றே, வீடுகள் வேறு.

எனவே விலாசத்தை வாயால் சொல்லாதீர்கள். தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சீர்ச் சாமான் என்றால் யார் விலாசம் போடுவது என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் கெடுவது புள்ளி. 'சித.' என்பதன் புள்ளி சற்று மேலே ஏறினால் 'சித்' ஆகிவிடும், 'ராம.' 'ராம்' ஆகிவிடும். புள்ளியை எழுத்தின் அடிக்கோட்டில், கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். முதலில் மார்க்கரில் எழுதவைத்து, சரிபார்த்த பிறகு ஊசியை வைக்க விடுங்கள். எவர்சில்வரில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. தேய்த்தால் மெருகுதான் போகும்.

இடம்: வெளிப்பக்கம், விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே. மடித்த விளிம்பின் மேல் வெட்டினால் ஊசி வழுக்கும். அடிப்பக்கம் கரி பிடிக்கும், தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கும். ஈயம் பூசும் பித்தளையில் உள்ளே வெட்டவே கூடாது, பூச்சு பெயர்ந்துவிடும். மெல்லிய தகட்டுத் தூக்கில் உளியும் சுத்தியலும் வேண்டாம், நசுங்கும். கனமான பித்தளை அண்டாவுக்கு உளி வெட்டுதான் எங்கள் தேர்வு. ஆழமாக இறங்கும், பல தலைமுறைக்கு நிற்கும்.

ஊசி மழுங்கியிருந்தால் கோடு இரட்டையாகத் தெரியும். அதனால் சிறிய டம்ளர் ஒன்றில் முதலில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய கடையிலேயே வெட்டினால் பெரும்பாலும் கூலி கேட்பதில்லை. வெளிப் பாத்திரம் கொண்டுபோனால் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.