தாத்தா குரலும் யு.எஸ்.பி. கேசட் பிளேயரும்: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

கேசட் பிளேயரின் ரப்பர் பெல்ட்டை மாற்றிக் கொண்டுவந்த நாளிலிருந்து தாத்தாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அடித்தொண்டையிலிருந்து நிதானமாக வரும் பேச்சு, இப்போது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் பேச்சு மாதிரி இருக்கிறது. தாத்தா பேசிவைத்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற இந்த மாதிரி பிளேயர் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில்தான் இது. எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்தில் ஒரு நாடாவைக்கூட இது கடித்துத் துப்பவில்லை. ஒயரைச் சொருகினால் கணினி உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டால் பின்னணியில் கேட்கும் கீச்சொலியும் பெரும்பாலும் அடங்கிவிடும். அவ்வளவுதான் நல்லது.

மற்றதெல்லாம் வேகத்தில் வந்து நிற்கிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 1963இல் கேசட் வந்த நாளிலிருந்து அதுதான் கணக்கு. இந்தக் குட்டி இயந்திரத்தில் மோட்டார் புல்லி, அதாவது பெல்ட் சுற்றும் குட்டிச் சக்கரம், ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் 1 மி.மீ. பெல்ட்டுக்குப் பதில் 1.2 மி.மீ. பெல்ட்டைப் போட்டால் புல்லியே பெரிதான மாதிரி ஆகி, வேகம் சுமார் 2 சதவீதம் ஏறிவிடும். "எல்லாம் ஒரே பெல்ட்தான் சார்" என்று பழுது பார்ப்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பெல்ட்டின் சுற்றளவை மட்டும் பார்த்தால் போதாது, தடிமனையும் அளக்க வேண்டும். பாட்டு கேட்கும்போது 2 சதவீத வித்தியாசம் பலருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய குரலில் உடனே தெரிந்துவிடும்.

மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தால் அதற்குள் வேகத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கும். நுண்ணிய திருப்புளியால் மயிரிழைதான் திருப்ப வேண்டும். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓடவிட்டு, போனில் இருக்கும் டியூனர் செயலியில் அதே எண் வரும்வரை திருப்புங்கள். சில மாடல்களில் இந்தத் திருகு மோட்டாரில் இல்லாமல் சர்க்யூட் பலகையில் இருக்கும்.

இயந்திரம் சரியான பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும். தாத்தா பதிவு செய்த ரெக்கார்டரே அன்றைக்குச் சரியாக ஓடியதா? பேட்டரி தீரத் தீர ரெக்கார்டர் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததை நாம் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறும். பக்கத்தின் தொடக்கத்தில் நன்றாக இருந்த குரல் முடிவில் கீச்சென்று போனால், பழி அன்றைய பேட்டரிக்குத்தான்.

எதிர்பாராத சந்தோஷம் கிடைத்ததும் இந்த இடத்தில்தான். தாத்தா பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் ஹெட்ஃபோனில் கவனித்துக் கேளுங்கள். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவது கேட்கலாம். குவார்ட்ஸ் கடிகாரம் என்றால் நொடிக்கு ஒரு டிக். ஒரு டிக்கில் தொடங்கி முந்நூறாவது இடைவெளி வரை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் அளங்கள். 300 நொடி வர வேண்டியது 291 நொடி வந்தால் பதிவு 3 சதவீதம் வேகம். வேக மாற்றும் எஃபெக்ட்டில் 0.97 போட்டால் தாத்தா தன் வயதுக்குத் திரும்பிவிடுவார். டெம்போ மாற்றும் எஃபெக்ட்டைத் தொடாதீர்கள், அதில் நீளம் மட்டும் மாறும், குரல் அப்படியே நிற்கும். பழைய பெண்டுலக் கடிகாரமாக இருந்து அது இன்னும் வீட்டில் ஓடினால், நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணி அதே கணக்கைப் போடலாம். எந்தச் சோதனைக் கேசட்டும் தராத ஆதாரம் அது. தாத்தா உட்கார்ந்திருந்த அந்த அறையிலேயே பதிவானது.

அதனால்தான் சொல்கிறேன், இரைச்சல் நீக்கும் வசதியை முழுசாகத் திருகாதீர்கள். 12 டெசிபலே பேச்சுக்கு அதிகம், 6 போதும். மீறினால் முதலில் கடிகாரம் போகும், பிறகு மூச்சு போகும், கடைசியில் தாத்தா தொண்டையைச் செருமுவது தண்ணீருக்குள் குமிழி விடுகிற மாதிரி ஆகிவிடும். எதைச் செய்வதானாலும் நகலில் செய்யுங்கள். மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியே வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குப் பத்து எம்.பி. பிடிக்கும், அது ஒன்றும் பெரிதில்லை.

குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாக இருந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பழுப்பாக வரும், பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். இன்னொன்று ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு குட்டித் திருகு இருக்கும். கேசட்டை ஓடவிட்டு, 'ஸ' ஒலி கூர்மையாகும்வரை கால் சுற்றுக்குள் திருப்புங்கள். வேறு வேறு ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. கேசட்டில் நாடா தெரியும் வாய்க்கு எதிர் விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இரண்டையும் இன்றைக்கே உடைத்துவிடுங்கள், பிறகு அதன்மேல் எதுவும் பதிவாகாது. இல்லாவிட்டால், பதிவுப் பொத்தான் உள்ள செட்டில் தப்பிதமாகக் கை பட்டால் தாத்தா அழிந்துபோவார், திரும்ப வரமாட்டார்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். ஹெட் தேயாத பழைய வீட்டுக் கேசட் டெக் ஒன்று கிடைத்தால் பெல்ட் மாற்றி அதில் ஏற்றுங்கள், பத்து மடங்கு மேல். இதில் வேகம் இன்று ஒன்று, நாளை ஒன்று. ஆனால் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன். 120 நிமிடக் கேசட் இரண்டு இன்னும் பாக்கி. 9 மைக்ரான் தடிமனே உள்ள மெல்லிய நாடா, வேகமாகச் சுற்றினாலே இழுபடும். 1 மி.மீ. பெல்ட் வந்த பிறகுதான் உள்ளே போடுவேன்.