அப்பாவின் ஜீப்பும் மூன்று வார லீவும்

போடியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் ஜீப் இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சும்மா நின்றது. மஹிந்திரா எம்.எம். 540, 1994ஆம் வருட வண்டி. வாங்கும்போது தேனி தனி மாவட்டமே ஆகவில்லை, அதனால் மதுரை நம்பர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பாதையில் முப்பது வருடம் ஏறி இறங்கிய வண்டி. அப்பா 2023இல் காலமானார். "இந்தத் தடவை வரும்போது அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போப்பா" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 5ஆம் தேதி டொராண்டோவிலிருந்து வந்து இறங்கினேன். 27ஆம் தேதி திரும்ப வேண்டும். ஜீப்புக்கு ஒரு வாரம் போதும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்குக்குக் காரணம் ஒண்டாரியோ. அங்கே என் பழைய வண்டியை ஒரு சனிக்கிழமை காலையில் விற்றிருக்கிறேன். 20 டாலர் கட்டி வண்டியின் விவரக் கட்டு ஒன்றை வாங்கி வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டும் ஊர் என்பதால் துருவைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இங்கே உப்பு இல்லை, ஆனால் மேலே மலையில் பனியும் சாரலும் உண்டு. ஈர மூட்டையின் தண்ணீர் பின் தளத்தில் தேங்கும். டிரைவர் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன், கீழே தரை தெரிந்தது. உவமை இல்லை, கொட்டகையின் சிமெண்டுத் தரையேதான். பின் சக்கரங்களுக்கு மேலே தகரத்தை விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பேட்டரி வைக்கும் தட்டு பாதிதான் இருந்தது. ஆனால் குடும்ப மெக்கானிக் புது பேட்டரி மாட்டி, டீசல் டேங்கைக் கழுவி, சாவியைத் திருப்பியதும் அந்த 2112 சிசி பியூஜோ எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். அவருக்குச் சத்தமே போதும்.

விற்பதற்கு முதலில் செல்போனில் பழைய கார் வாங்கும் ஒரு கம்பெனியை முயன்றேன். பெயர் வேண்டாம். வருடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 1994 வரவே இல்லை. கிடைத்த வருடம் ஒன்றை அழுத்திவைத்ததில் மூன்று நாள் வெவ்வேறு பிள்ளைகள் போன் செய்து, "சார், வண்டி பெட்ரோலா, ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்து ஒரு புரோக்கர். டிங்கரிடம் விட்டு, ஓட்டையில் தகரம் வைத்துப் பட்டி பார்த்து, கருப்பு பெயிண்ட் அடித்தால் கேரளாக்காரர்கள் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள் என்றார். "செலவை நீங்க பாருங்க தம்பி, இல்லைன்னா இப்படியே ஒண்ணு இருபதுக்குக் குடுங்க." ஒரு லட்சத்து இருபதாயிரம். யோசிக்கிறேன் என்றேன். பட்டிக்கு அடியில் இருக்கும் துரு அடுத்த மழைக்குள் வெளியே வரும் என்பது உப்பு ஊரில் இருபது வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா?

ஆனால் என் லீவைத் தின்றது துரு இல்லை, பேப்பர். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, அப்பா பெயரில். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2019இல் கடைசியாகப் புதுப்பித்தது 2024 ஜூனில் முடிந்துவிட்டது. இருபது வருடம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றியிருக்கிறார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி, பசுமை வரி அதற்கும் மேல். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து ஓடிவந்து பத்து நாளில் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பும் நமக்கு அந்த நேரத்தில் ஜீப் ஞாபகத்துக்கு வருமா? எனக்கு வரவில்லை.

வாரிசுச் சான்றிதழை அம்மா பட்டா மாற்றுவதற்காக முன்பே வாங்கிவைத்திருந்தார். அதனால்தான் தப்பித்தேன். இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப் போடலாம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாகப் போய்வர வேண்டும். அதற்கு மூன்று வார லீவை நம்பாதீர்கள், கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஊரில் இருப்பவர்களை வைத்து ஆரம்பித்துவிடுங்கள்.

ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சித்தப்பா தடுத்தார். "ஒவ்வொண்ணுக்கும் ஓ.டி.பி. வரும், நீ டொராண்டோல தூங்கிக்கிட்டிருப்ப." சரிதான். அம்மா பெயருக்கே மாற்றுவது என்று முடிவாயிற்று. நானும் தங்கையும் ஆட்சேபனை இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தோம். இதில் ஒரு கூத்து. வண்டியின் பதிவில் இருந்தது அப்பாவின் செல் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஓ.டி.பி. அவருக்குப் போகிறது. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "இந்த மாதிரி எத்தனை பேர்டா கிளம்பியிருக்கீங்க" என்று திட்டிவிட்டு வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மாள்தான் பொறுமையாகக் கேட்டு, இறப்புச் சான்றிதழைக் காட்டி நம்பரை மாற்றும் வழியைச் சொன்னார். புரோக்கர் இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை.

பொங்கலுக்கு வியாழனிலிருந்து ஞாயிறு வரை நான்கு நாள் போயிற்று. கரும்பும் பொங்கலும் நன்றாக இருந்தன, அது வேறு விஷயம்.

பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டிய நாள் 20ஆம் தேதி. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். அதற்காகக் காலடித் தகரத்தையும் பேட்டரித் தட்டையும் மட்டும் வெல்டிங் வைத்தோம். லைட், ஹாரன், வைப்பர், பிரேக் எல்லாம் சரி. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் முன்னாலேயே எடுத்தாயிற்று. மாட்டிக்கொண்டது சேசிஸ் நம்பரில். எண்ணைக் குத்திய இடத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் தாளில் விழுந்தது நம்பர் மாதிரி இல்லை, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. மெக்கானிக் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவைத்து, கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்தார். அழுத்தினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். நான்காவது தாளில் ஒரு இலக்கம் தவிர எல்லாம் தெளிந்தன. அந்த ஒன்று மூன்றா, எட்டா? ஆய்வாளர் குனிந்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். "எட்டுதான். இதுக்கு மேல கிரீஸ் தடவி வைங்க, அடுத்த தடவை இதுவும் இருக்காது" என்றார். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள்.

வாங்கியவர் மெக்கானிக் மூலமாகத்தான் வந்தார். போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி. நான் எதுவும் பேசுவதற்கு முன்னால் மேட்டைத் தூக்கி வெல்டிங் வைத்த இடத்தையும், நொறுங்கும் இடங்களையும், சேசிஸில் பின் கட்டைப் பக்கம் பூத்திருந்த துருவையும் காட்டினேன். டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துவந்திருந்தார், அவரும் ஒரு பாட்டம் குத்திப் பார்த்தார். "பாடி போனா பாடி செஞ்சுக்கலாம்ணா. முன் ஆக்ஸில் வேலை செய்யுதா?" அதுதான் அவருக்கு முக்கியம். பழைய ஜீப்புகளில் பலர் ஃபோர் வீலைக் கழற்றிவிட்டு வெறும் பின் சக்கர வண்டியாக ஓட்டுவார்கள். அப்பா கழற்றவில்லை. அந்தத் தம்பி ஆற்று மணலில் இறக்கி, சின்னக் கம்பியைத் தள்ளி லோ கியரில் போட்டார். நான்கு சக்கரமும் மணலைக் கடித்து ஏறின. இரண்டரை சொன்னேன், தகர வேலைக்கு நாற்பதாயிரம் கழித்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் முடித்தோம். பட்டி பார்த்து ஏமாற்றியிருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பையன் அம்மாவை வாரச் சந்தையில் பார்க்கும் பையன்.

அம்மா பெயரில் ஆர்.சி. வந்ததும் மறுநாளே விற்பனைக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து. அதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமே என்று சித்தப்பாவே சொன்னார், நான் விடவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டேன் என்று அம்மா கோர்ட்டில் போய் நிற்க முடியாது. பெயர் மாற்ற மனுக் கொடுத்த அன்றுதான் பணம் அம்மா கணக்குக்கு வந்தது. தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், சாவி கைமாறியது. நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால்.

ஜீப்பை வாங்கிய தம்பி, பெயர் மாறிய ஆர்.சி.யின் படத்தைப் பிப்ரவரியில் வாட்ஸப்பில் அனுப்பினார். நல்லது என்று பதில் போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். கொட்டகை காலியானதில் சித்தப்பா உற்சாகமாகி, அடுத்து டிராக்டரை விற்கலாம் என்று அதன் ஆர்.சி.யைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். அதுவும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.